கான்வென்ட் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தாயிற்று, இனி யாரைப் பார்ப்பது?

மலேசியாவில் தெலுக் இந்தான், கூலிம், குளுவாங், பந்திங் போன்ற ஊர்களுக்கு வேலை நிமித்தமாகவோ கல்யாணமாகியோ வரும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது மிஷன் பள்ளியைத்தான். பிள்ளையை அங்கே விட்டுவிட்டால் சிஸ்டர்மார் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்களோடு கூடவே வருகிறது. அந்த நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்னும்போது எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்க நேரும். இங்கே பள்ளியின் பெயர் திருச்சபையுடையது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அரசாங்கத்துடையது. இரண்டையும் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோருக்குத்தான் உதவி நேரத்துக்குக் கிடைக்கிறது.

1852-இல் கத்தோலிக்கத் துறவியரான லசால் சகோதரர்களும் குழந்தை இயேசு சபைச் சகோதரிகளும் பினாங்கில் பள்ளி தொடங்கினார்கள். இன்றுள்ள பல கான்வென்ட், செயின்ட் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. இப்போது இவை அரசு உதவி பெறும் பள்ளிகள். பாடத்திட்டமும் ஆசிரியர் நியமனமும் சம்பளமும் கல்வி அமைச்சின் கையில். முதல்வர் கத்தோலிக்கராக இருப்பார் என்று உறுதியில்லை; ஒரு சிஸ்டர்கூட இல்லாத கான்வென்ட் பள்ளிகள் நிறைய. போதனை மொழி மலாய். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்ற பிள்ளைகளுக்கு, கத்தோலிக்கப் பிள்ளைகள் உட்பட, நன்னெறிக் கல்வி. மறைக்கல்வி, அதாவது கத்தோலிக்க மதப் பாடம், கால அட்டவணையில் இல்லை, அது தேவாலயத்தில் நடக்கும். ஆகவே பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்று இந்துப் பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. பள்ளியே ஞான வாழ்க்கையையும் கவனித்துக்கொள்ளும் என்று கத்தோலிக்கப் பெற்றோர் இருந்துவிடவும் கூடாது. பள்ளி நிர்வாக வாரியம், பழைய மாணவர் சங்கம், கிறிஸ்தவ மாணவர் சங்கம் ஆகியவற்றில்தான் திருச்சபையின் கை இன்னும் இருக்கிறது.

குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு மாநிலக் கல்வி இலாகாவின் அனுமதிக் கடிதம் வேண்டும், இடைநிலைப்பள்ளிக்கு ஆண்டுக் கட்டணம் 240 ரிங்கிட். பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்து பிள்ளைக்கு அடையாளப் பத்திரம் இல்லையென்றாலும், 2019 முதல் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. மாவட்டக் கல்வி இலாகாவில் நேரில் கேளுங்கள். பத்திரம் வரட்டும் என்று வீட்டில் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நஷ்டம்.

பள்ளிக்குள் நால்வர்

முதலில் பார்க்க வேண்டியவர் வகுப்பாசிரியர். தினம் வருகைப் பதிவு எடுப்பவர் அவர்தான், பிள்ளையின் முகம் வாடினால் முதலில் கண்ணில் படுவதும் அவருக்குத்தான். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவருடைய எண்ணை வாங்கி, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள். அடுத்தவர் கவுன்சலர். மூன்றாவது கட்டொழுங்கு ஆசிரியர். இவர்கள் எல்லாருக்கும் மேலே மாணவர் விவகாரத் துணைமுதல்வர். பள்ளியில் அவரைப் பி.கே. ஹெம் என்பார்கள். உதவித்தொகை, பகடிவதை, உடல்நலம், வருகை எல்லாமே அவர் மேசைக்குத்தான் போகும். முதல்வரைப் பார்க்கவேண்டிய அளவுக்கு விஷயம் பெரிதாகுமுன் பி.கே. ஹெம்மைப் பார்த்துவிட்டால் பாதி தீர்ந்துவிடும்.

நம் பெற்றோர் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் போகிறார்கள். பிள்ளை கட்டொழுங்கு அறையில் நிற்கும்போதுதான் பள்ளிக்கு முதல்முறையாக வருகிறார்கள். அதற்குள் அமைச்சின் மாணவர் நடத்தைப் பதிவில் குற்றங்கள் ஏறியிருக்கும், ஆசிரியர்களும் பிள்ளையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள்.

பிள்ளை ஒரு நாள் வராவிட்டாலும் கடிதம் கொடுங்கள். காரணம் சொல்லாமல் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம் வரும். மலாய் தெரியாது என்று கடிதத்தையே விட்டுவிடுபவர்கள் உண்டு. ஒரே ஒரு வரி போதும்: "அனாக் சாயா தீடாக் ஹாடிர் கெ செகோலா கெரானா டெமாம்." காய்ச்சல் என்பதால் என் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று பொருள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை ரூமி எழுத்தில் (ஆங்கில எழுத்தில் எழுதும் மலாய்) எழுதித் தரச் சொல்லி, மேலே தேதியும் பெயரும் வகுப்பும், கீழே உங்கள் கையெழுத்து. தைப்பூசத்துக்கு மொட்டை போடுவது, நேர்த்திக்கடனுக்கு விரதம், கையில் கயிறு இவற்றையும் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொல்லிவைத்தால், சபைகூடலில் பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி விசாரிக்க மாட்டார்கள்.

பிள்ளை வாடுகிற இடங்கள்

முதலாவது மொழி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து வரும் பிள்ளைக்கு மலாய் போதாது என்றால், படிவம் 1-க்கு (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) முன் ஓராண்டு புகுமுக வகுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கணக்கு தெரியும், கேள்வி புரியாது. கையைத் தூக்காத பிள்ளையை மந்தம் என்று நினைத்துவிடுவார்கள். கூடப் படித்தவர்கள் ஒரு படிவம் மேலே போய்விட்ட வெட்கம் வேறு. அந்த ஓராண்டில் ஊக்கம் போய்விட்டால், படிவம் 3-க்குள் செம்பனை பழக்காட்டுக்கோ பட்டறைக்கோ வேலைக்குப் போய்விடும் பையன்கள் இருக்கிறார்கள். எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் வைக்காமல், முதல் ஆறு மாதம் மலாய்க்கு மட்டும் வையுங்கள். மலாய் வந்துவிட்டால் மற்ற பாடங்கள் பின்னாலேயே வரும்.

தமிழை விட்டுவிடவும் வேண்டாம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்தலாம். வாரத்தில் ஒருமுறையாவது தன் மொழியில் பேசுகிற ஆசிரியர் ஒருவர் முன் உட்காரும் பிள்ளை, மனத்தில் இருப்பதை அவரிடம்தான் முதலில் சொல்லும். பதினைந்து பேர் சேரவில்லை என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். மற்ற பெற்றோரும் யாராவது கேட்கட்டும் என்றுதான் காத்திருப்பார்கள்.

இரண்டாவது பஸ். தோட்டத்திலிருந்து பள்ளி பஸ் விடியுமுன் புறப்படும். வெறும் வயிற்றோடு ஏறிய பிள்ளை ஓய்வு நேரம் வரை எதுவும் சாப்பிடாமல் இருக்கும். இரண்டாம் பாட வேளையில் தலைவலி, தூக்கம், எரிச்சல் என்று புகார் வந்தால், கவுன்சலரைத் தேடுமுன் காலைச் சாப்பாட்டைக் கவனியுங்கள். முந்தின இரவே ரொட்டியோ இட்லியோ கட்டிவைத்து, பஸ்ஸில் சாப்பிடச் சொன்னாலே பல பிள்ளைகள் சரியாகிவிடுகிறார்கள். இரண்டு வேளையாக நடக்கும் பள்ளிகளில் கீழ்ப்படிவங்களுக்கு மதிய வேளை. பிள்ளை வீடு திரும்ப இருட்டிவிடும். ஆசிரியர் கண்ணில் படாத இடம் பஸ்தான். பகடிவதையும் காசு பிடுங்குவதும் அங்கேதான் அதிகம். பஸ்காரருடைய எண்ணும், அதே பஸ்ஸில் போகும் ஒரு மூத்த பிள்ளையின் பெயரும் உங்களிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, சொல்ல எங்களுக்கும் கஷ்டமானது. கும்பல். நோட்டுப் புத்தக அட்டையிலோ கையிலோ பேனாவால் 04, 08, 36 என்று எழுதியிருந்தால் விளையாட்டு என்று விடாதீர்கள். இவை குண்டர் கும்பல்களின் எண்கள். 2013-இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட 49 கும்பல்களின் பட்டியல் பத்திரிகைகளிலேயே வந்தது. பையனைக் கும்பலில் சேர்ப்பவர்கள் மிரட்டிச் சேர்ப்பது குறைவு. பஸ் நிறுத்தத்தில் ஒரு அண்ணன் ரொட்டி சானாய் வாங்கித் தருவார், யாராவது வம்பிழுத்தால் என் பெயரைச் சொல் என்பார். வீட்டில் கவனிக்க ஆளில்லாத பையனுக்கு அது பெரிய ஆறுதல். இதைக் கண்டுபிடித்த அன்று அடித்தால், அந்த அண்ணனிடம் இன்னும் நெருங்கிவிடுவான். பி.கே. ஹெம்மையும் கவுன்சலரையும் ஒரே நாளில் பாருங்கள். மாலையில் வேறு இடம் வேண்டும்: காற்பந்து, சாரணர், கோயில் இளையோர் குழு, எதுவாக இருந்தாலும் சரி.

பெண் பிள்ளைகள் மாதத்தில் இரண்டு நாள் வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் நாப்கினும் கழிவறையும்தான் காரணம். கவுன்சலர் அறையில் கேட்டால் கொடுப்பார்கள். கேட்கலாம் என்று பிள்ளையிடம் அம்மாதான் சொல்லிவைக்க வேண்டும்.

கவுன்சலர் அறைக்குப் போவது அவமானம் இல்லை

இடைநிலைப்பள்ளிகளில் முழுநேரக் கவுன்சலர் உண்டு. நெடுங்காலமாக 500 மாணவருக்கு ஒருவர் என்பதே கணக்காக இருந்தது, ஆகவே அவராகத் தேடி வருவார் என்று காத்திருக்காதீர்கள். பிள்ளை தானாகவும் போகலாம், வகுப்பாசிரியர் அனுப்பலாம், நீங்களும் கேட்கலாம். அங்கே பேசுவது வெளியே போகாது. மூன்று நிலைமையில் மட்டும் அவர் மற்றவரிடம் சொல்லியாக வேண்டும்: பிள்ளை தன்னையே காயப்படுத்திக்கொள்ளக்கூடும், வேறொருவரைக் காயப்படுத்தக்கூடும், அல்லது பிள்ளைக்கு யாரோ கொடுமை செய்கிறார்கள். இதை முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லுங்கள். என்ன பேசினாய் என்று வீட்டுக்கு வந்ததும் குடைந்தால், அடுத்தமுறை அறைக்குப் போகாது.

"பைத்தியக்காரன் போகிற இடம்" என்று உறவினர் சொல்வார்கள். 2022-இல் சுகாதார அமைச்சு எடுத்த இளையோர் ஆய்வில் நாலு பேருக்கு ஒருவர் மனச்சோர்வில் இருப்பது தெரிந்தது. அமைச்சின் மனநலப் பரிசோதனைப் படிவம் பள்ளியில் வரும்போது, எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறேன் என்று போட்டுவிடு எனச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கவுன்சலர் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) அனுப்பினால் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். வெளிநாட்டவருக்குப் பல மடங்கு, முன்பே கேட்டு வையுங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதித் தருவார்கள்.

பிள்ளை சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னாலோ எழுதினாலோ, நாடகம் என்று தள்ளாதீர்கள், திட்டாதீர்கள். நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாமல், அன்றே கவுன்சலரிடமோ மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வரும் என்ற பயத்தில் மறைக்க வேண்டாம். தோட்டத்து வீடுகளில் இன்னொன்றும் முக்கியம்: களைக்கொல்லி, பூச்சிமருந்து எதையும் வீட்டில் வைக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தடை. பழைய போத்தல் ஏதாவது இருந்தால் தோட்டத்து ஸ்டோரில் ஒப்படைத்துவிடுங்கள். மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள்.

போனில் பதிந்துகொள்ள வேண்டிய உதவி எண்கள்: அரசின் தாலியான் காசே 15999, 24 மணி நேரமும். மனக்கஷ்டத்தைக் கேட்கும் தொண்டர்களின் பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, இதுவும் 24 மணி நேரம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

அடி, பகடிவதை, அதற்கும் மேல்

பள்ளியில் பிரம்படி முழுதாக ஒழியவில்லை. ஆனால் முதல்வரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியரோ மட்டும்தான் அடிக்கலாம். பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. மீறல் நடந்தால் தேதி, நேரம், படம் எல்லாம் எடுத்துவைத்து முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி இலாகா. பகடிவதைக்கு அமைச்சின் புகார் தளமும் உண்டு. வாய்ப் பேச்சாகச் சொன்ன புகார் வாய்ப் பேச்சோடு போய்விடும். எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் பள்ளியின் முத்திரை வாங்குங்கள்.

பாலியல் தொல்லை என்றால் பள்ளிக்குள்ளேயே பேசித் தீர்க்க இடம் கொடுக்காதீர்கள். செய்தவர் உறவினரோ, ஆசிரியரோ, கோயில் ஆளோ, யாராக இருந்தாலும் சரி. தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றங்கள் சட்டப்படி (792-ஆம் சட்டம்) 5000 ரிங்கிட் வரை அபராதம். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காமல், உடுப்பைத் துவைக்காமல், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். போலீஸ், மருத்துவர், சமூக நல இலாகா எல்லாரையும் அங்கேயே வரவழைப்பார்கள். ஊர் என்ன சொல்லும் என்று தள்ளிப்போட்டால், அந்த ஆள் அடுத்த பிள்ளையிடம் போவான்.

தேவாலயத்தின் பக்கம்

பள்ளியால் முடியாத சிலவற்றை உங்கள் வட்டாரத் தேவாலயமான பங்கு செய்து கொடுக்கும். பஸ் காசு, காலணி, சில மாதம் டியூஷன் இவற்றுக்கு கத்தோலிக்க உதவி அமைப்பான வின்சென்ட் தெ பால் சபையினர் வீட்டுக்கே வந்து பார்த்து உதவுவார்கள். பல பங்குகளில் மதம் பார்ப்பதில்லை. கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு பள்ளி நாள். கூலிம், சுங்கைப் பட்டாணி பக்கம் குடியேறும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சனி மாலைத் திருப்பலியும் மறைக்கல்வியும் எந்நேரம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பங்குத்தந்தையிடம் பிள்ளையின் மனக்கஷ்டத்தைச் சொல்வது நல்லதுதான். ஜெபமும் வேண்டும், கவுன்சலரும் வேண்டும். ஒன்று கிடைத்துவிட்டது என்று மற்றொன்றை நிறுத்திவிடாதீர்கள்.

பள்ளியில் கூட்டம் என்றால் மலாய் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்: பக்கத்து வீட்டக்கா, தோட்டத்து கிராணி (எழுத்தர்), பள்ளியிலேயே ஒரு தமிழ் ஆசிரியர். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய புகாரைத் தானே அம்மா அப்பாவுக்குச் சொல்லும் பிள்ளை, முக்கால்வாசியை விழுங்கிவிடும்.