நாலு ட்ராக் கேசட்டில் பேண்ட் பதிவு: ஹெட்போன் எக்கோவை டேப்பில் ஏற்றாதீர்கள்

மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் புதுக் குழுக்கள் சில, பழைய நாலு ட்ராக் கேசட் ரெக்கோர்டரை (ஒரே டேப்பில் நாலு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் கருவி) தேடிப் பிடித்துப் பாட்டுப் பதிகின்றன. நல்ல விஷயம். ஆனால் நாங்கள் எப்போதோ செய்து முடித்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். மைக் ஆன் செய்ய மறப்பது, வயர் கழல்வதெல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதை விடுவோம்.

ஹெட்போன் எக்கோ டேப்பில் ஏறுவது

பாடுகிறவருக்குத் தன் குரல் வறட்சியாகக் கேட்டால் பாட்டு வராது. ஹெட்போனில் கொஞ்சம் ரிவேர்ப் (எக்கோ மாதிரியான முழக்கம்) கொடுத்தால் தெம்பாகப் பாடுவார். அது சரி. அதற்காக அந்த முழக்கத்தைத் தரும் எஃபெக்ட் பெட்டியை மைக்குக்கும் ரெக்கோர்டருக்கும் நடுவில் மாட்டுகிறார்களே, அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். காதுக்குப் போகிற எக்கோ அப்படியே டேப்பிலும் பதிந்துவிடும். பிறகு எந்தக் கொம்பனாலும் அதைப் பிரிக்க முடியாது.

மலையக நாட்டுக் கூத்தான காமன் கூத்தின் பாட்டு பதிந்த குழு ஒன்று தப்பு மேளம், கிட்டார், கோரஸ் என்று மூன்று ட்ராக்கிலும் இப்படி ரிவேர்ப்போடு பதிந்தது. மூன்றையும் நாலாவதில் கலந்தார்கள். இடம் வேண்டுமே என்று பழைய மூன்றின் மேலேயே குரல்களைப் பதிந்தார்கள், அதிலும் ரிவேர்ப். தப்பில் சின்னக் குச்சி விழுகிற அந்தக் கூர்மையான அடி, கஞ்சி போலக் குழைந்துவிட்டது. "அண்ணே, தப்பை மட்டும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வாங்க" என்று என்னிடம் வந்தார்கள். நாலாவது ட்ராக்கை ஏற்றினால் கிட்டாரும் கோரஸும் சேர்ந்துதானே ஏறும்! தப்படித்த தம்பியோ கொழும்பில் வேலைக்குப் போய்விட்டான். தீபாவளி லீவுக்கு அவன் வரும் வரை பாட்டு கிடப்பில் கிடந்தது.

மைக் நேராக ரெக்கோர்டருக்குப் போக வேண்டும். சேனலில் உள்ள எஃபெக்ட் சென்ட் வழியாகப் பெட்டிக்கு ஒரு வயர். பெட்டியிலிருந்து திரும்பி வருவது (ரிட்டர்ன்) ஹெட்போனில் கேட்கிற மொனிட்டருக்கு மட்டும். சில மாடல்களில் அந்த ரிட்டர்ன் இடது-வலது மிக்ஸில் விழும், ட்ராக்குக்குப் போவதும் அதே மிக்ஸ்தான். அங்கேதான் ஏமாறுவார்கள். சந்தேகம் என்றால் பத்து விநாடி பதிந்து, பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டுக் கேளுங்கள். சொல் முடிந்த பிறகும் வால் நீண்டால் எக்கோ டேப்பில் ஏறிவிட்டது. ரிவேர்ப் கடைசி மிக்ஸில் போட்டுக்கொள்ளலாம், எங்கும் ஓடிவிடாது.

கேசட்டைத் திருப்பிப் போடுவது

கூடாது. நாலு ட்ராக்கும் டேப்பின் முழு அகலத்தையும் பிடித்துக்கொள்கின்றன. திருப்பினால் பாட்டு பின்னோக்கி ஓடும்.

90 நிமிடக் கேசட்

டேப் மெல்லிசு. 60 வாங்குங்கள், குரோம் என்று போட்ட டேப் வகையாக. திருப்பிப் போட முடியாததால் ஒரு பக்கத்து 30 நிமிடம்தான், இரட்டை வேகத்தில் ஓடும் கருவியில் அது 15 நிமிடம்தான் வரும், போதும்.

மழையும் ஈரமும்

தகரக் கூரை போட்ட தோட்ட லய வீட்டில் தென்மேற்குப் பருவ மழைக்கு நடுவே பதியாதீர்கள். ஈரத்தில் தப்பின் தோலும் தொய்யும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் நெருப்பில் காய்ச்சினால்தான் முதல் டேக்கின் சத்தம் திரும்ப வரும். பூஞ்சணம் பிடித்த கேசட்டைக் கருவிக்குள் விடவே வேண்டாம், ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும்.

பிட்ச் குமிழ்

டேப் ஓடும் வேகத்தையும் அதோடு சுருதியையும் கூட்டிக் குறைக்கும் குமிழ் இது. நடுவில் வைத்து மேலே ஒரு துண்டு ஒட்டு டேப் ஒட்டிவிடுங்கள். யாராவது விளையாட்டாகத் திருகிவிட்டால் கிட்டாரையாவது திரும்பச் சுருதி சேர்க்கலாம். ஹார்மோனியத்தை என்ன செய்வீர்கள்?