நோயாளி வருமுன்பே தொடங்கும் ஆய்வு: அரிய நோய்களையும் தொற்றுநோய்களையும் மருத்துவமனையில் ஆராயும் முறை

அரிய நோய் ஆண்டுக்கு இரண்டு நோயாளிகளைக் கொண்டுவரும். தொற்றுநோய் ஒரே வாரத்தில் வார்டை நிரப்பிவிடும். ஆனால் ஆய்வு செய்பவருக்கு இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான்: அடுத்த நோயாளி எந்த நாளில், எந்த நேரத்தில் வருவார் என்பது நம் கையில் இல்லை. ஆகவே ஆய்வுத் திட்டம், ஆய்வு நோயாளியின் உரிமையையும் பாதுகாப்பையும் காக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஒப்புதல் படிவம், மாதிரி எடுக்கும் குழாய்கள் ஆகிய அனைத்தும் முதல் நோயாளி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். நோயாளி வந்த பிறகு திட்டம் எழுத உட்கார்ந்தால், அனுமதி கிடைக்கும் நாளில் அவர் குணமாகி வீடு திரும்பியிருப்பார், அல்லது இறந்திருப்பார்.

முதலில் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவமனையால் பதில் சொல்ல முடிந்த கேள்வியாக அது இருக்க வேண்டும். ஒரு நோய் சமூகத்தில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு மருத்துவமனை பதில் சொல்லாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களும், வேறு இடங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்களும்தான் அங்கே வந்து சேர்கிறார்கள். அவர்களை மட்டும் வைத்து இறப்பு விகிதத்தைக் கணக்கிட்டால், நோய் உண்மையில் இருப்பதைவிடக் கொடியதாகத் தோன்றும். எந்த அறிகுறி முதலில் தோன்றுகிறது, அதைப் போலவே தோன்றும் மற்ற நோய்களிலிருந்து இதை எது பிரித்துக் காட்டுகிறது, எந்தச் சோதனையை நம்பலாம், எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்பவற்றுக்கு மருத்துவமனையைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்து, யாரை நோயாளியாகக் கணக்கில் சேர்ப்பது என்ற வரையறையை எழுத வேண்டும். சந்தேகத்துக்குரியவர், நோய் இருக்க வாய்ப்பு மிகுந்தவர், ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்டவர் என்று மூன்று படிகளாகப் பிரிப்பது தொற்றுநோய் ஆய்வில் நெடுங்கால வழக்கம். ஆய்வகச் சோதனையே இல்லாத நோய்க்கு வரையறைதான் எல்லாம். ஜப்பானில் குழந்தை மருத்துவர் தொமிசாகு கவாசாகி 1961 ஜனவரியில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம், தனக்குத் தெரிந்த எந்த நோயிலும் அடங்காத காய்ச்சலையும் தடிப்பையும் கண்டார். நோய்க்குப் பெயர் தெரியவில்லை என்பதற்காக அவர் அதை விட்டுவிடவில்லை. அதே அறிகுறிகளோடு வந்த குழந்தைகளை ஒவ்வொருவராகக் குறித்துக்கொண்டே வந்து, 1967-இல் 50 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இன்று அந்த நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது; அதைக் கண்டறிவது இன்றும் பெரும்பாலும் கண்ணால் பார்க்கும் அறிகுறிகளை வைத்துத்தான். வரையறையை இடையில் திருத்த நேர்ந்தால் திருத்தலாம். ஆனால் திருத்திய தேதியைக் குறித்து, பழைய வடிவத்தையும் கோப்பில் வைத்திருக்க வேண்டும்.

தரவுப் படிவத்தில்தான் பெரும்பாலான ஆய்வுகள் வழுக்கி விழுகின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். படிவத்தின் முதல் வரியில் நோயாளி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட தேதி இருக்கும். அதற்குக் கீழே, தனி வரியில், முதல் அறிகுறி தோன்றிய தேதி இருந்தே ஆக வேண்டும். காய்ச்சலின் மூன்றாம் நாளில் வந்தவரையும் பத்தாம் நாளில் வந்தவரையும் அனுமதித்த நாளை வைத்து ஒப்பிட்டால் நோயின் போக்கு முழுவதும் குழம்பிவிடும். மாதத்தை எண்ணால் எழுதாமல் எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று ஓராண்டு கழித்து யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு அறிகுறிக்கும் ‘உண்டு’, ‘இல்லை’, ‘பரிசோதிக்கவில்லை’ என்று மூன்று கட்டங்கள் வேண்டும். ‘கழுத்து விறைப்பு’ என்பதற்கு எதிரே கட்டம் வெறுமையாக இருந்தால், விறைப்பு இல்லையா, யாரும் தொட்டே பார்க்கவில்லையா என்பது தெரியாது. வெறும் கட்டத்தை ‘இல்லை’ என்று எண்ணிக்கொண்டவர்கள் தவறான முடிவுகளை அச்சிட்டிருக்கிறார்கள். படிவத்தை இறுதி செய்யுமுன் பழைய கேஸ் ஷீட் ஐந்தை எடுத்து, இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் ஒருவரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் பேனாவை நிறுத்துகிறாரோ அந்த இடத்தில் கேள்வி தெளிவாக இல்லை என்று பொருள்.

மாதிரிகளுக்கு வருவோம். பிளட் கல்ச்சருக்கான, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கான ரத்தத்தை, நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், ஆன்டிபயாட்டிக் கொடுக்குமுன்பே எடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலில் 8 முதல் 10 மி.லி. வரை ரத்தம் தேவை. கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற பொருள் கொண்ட குழாயைப் பயன்படுத்துங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெப்பாரின் அந்தச் சோதனையைத் தடுக்கும். கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களை அளக்கும் ஆய்வென்றால், நோயின் தொடக்கத்தில் ஒரு முறையும் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறையும் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) எடுத்து, இரண்டையும் ஒரே நாளில் ஒன்றாகச் சோதிக்க வேண்டும். அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் அண்மைத் தொற்றுக்கு அது வலுவான சான்று. சீரத்தைச் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குப்பியை மறுபடி மறுபடி உருக்கி உறைய வைத்தால் உள்ளிருப்பது சிதையும். சாதாரண ஸ்டிக்கர் அந்தக் குளிரில் உரிந்து பிரீசரின் அடியில் கிடக்கும். பெயரற்ற குப்பிகள் நிறைந்த பெட்டியைத் திறந்து பார்த்தவருக்குத்தான் அந்த வேதனை தெரியும். உறைகுளிரைத் தாங்கும் லேபிளுக்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.

பரம்பரை நோய் என்று சந்தேகிக்கும் குழந்தை பிழைக்காது என்று தோன்றும் தருணத்தில், டிஎன்ஏவுக்காகச் சிறிது ரத்தத்தைப் பெற்றோரின் ஒப்புதலோடு சேமித்து வைக்க வேண்டும். தாய் தந்தை இருவரின் ரத்தமும் உடன் இருந்தால் மரபணு மாற்றத்தைக் கண்டுபிடிப்பது பன்மடங்கு எளிதாகும். அந்த நேரத்தில் இதைக் கேட்பது கடினம்தான். ஆனால் அடுத்த குழந்தையைப் பற்றி அந்தப் பெற்றோர் பின்னாளில் கேட்கும் கேள்விக்குப் பதில் அந்தக் குழாயில்தான் இருக்கும்.

1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சிங்கி அறிக்கைதான் மனிதர்களிடம் நடத்தும் ஆய்வு அனைத்துக்கும் அடித்தளம். அதன்படி நெறிமுறைக் குழுவின் முன் அனுமதியும் நோயாளி புரிந்து தரும் ஒப்புதலும் கட்டாயம். நோயாளி நினைவிழந்திருந்தால் யாரிடம் கேட்பது, அவர் தெளிந்த பின் எப்படி மீண்டும் கேட்பது என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். தனிமை வார்டிலிருந்து காகிதத்தை வெளியே கொண்டுவர முடியாவிட்டால், கையெழுத்திட்ட படிவத்தைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து படமெடுத்துக்கொள்ளலாம் என்பதற்கும் முன்கூட்டியே அனுமதி பெறலாம். அரிய நோயில் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. வயது, ஊர், நோய் மூன்றும் சேர்ந்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கணக்கிடும்போது அடக்கம் வேண்டும். 30 பேருக்கு மருந்து கொடுத்து ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்றால் மருந்து பாதுகாப்பானது என்று பொருளல்ல. இப்படி ஒருவருக்கும் வராதபோது மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து உச்ச வரம்பை மதிப்பிடுவது வழக்கம்; மூன்றை முப்பதால் வகுத்தால் வரும் 10 சதவீதம் வரை அந்த ஆபத்து இருக்கக்கூடும். ஐந்தாம் நாளில் மருந்து பெற்றவர்களை, பெறாதவர்கள் அனைவரோடும் ஒப்பிடுவதும் பெரும் பிழை. மருந்து பெற்றவர் ஐந்து நாள் உயிரோடிருந்தவர் என்பதே அவருக்குச் சாதகமாகிவிடும். சிகிச்சையை ஒப்பிட வேண்டுமென்றால், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிப்பதுதான் நேர்மையான வழி. அதற்கு ஒரு மருத்துவமனை போதாது. கோவிட் சிகிச்சைகளை ஒப்பிட பிரிட்டனில் 2020 மார்ச்சில் தொடங்கிய ரெகவரி ஆய்வு, மருத்துவர்களின் வேலைச்சுமையை அறிந்து படிவங்களை மிகச் சுருக்கமாக வைத்து, நாடு முழுவதும் உள்ள மருத்துவமனைகளைச் சேர்த்துக்கொண்டது. டெக்சாமெத்தசோன் என்ற பழைய மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அதே ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி அறிவித்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பலனில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

எண்ணிக்கை சிறிது என்பதால் வெளியிடத் தயங்காதீர்கள். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் வெளியான, எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். கட்டுரை அச்சேறும்போது, ஆய்வில் பங்கேற்றவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் என்ன தெரியவந்தது என்பதை மருத்துவச் சொற்கள் இல்லாமல் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அதற்கான முகவரியையும், கடிதம் பெற விருப்பமா என்ற கேள்வியையும் ஒப்புதல் படிவத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.