டொமைன் யார் பேரில் இருக்கிறது?

எங்கள் சிறிய அறக்கட்டளையின் கணினி வேலையை ஆறு வருஷமாக வெளியாள் ஒருவர்தான் பார்த்துவந்தார், நல்ல மனுஷன், கூப்பிட்டால் உடனே வருவார், அதனால் நாங்கள் எதையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு திங்கட்கிழமை மெயில் ஒன்றுகூட வரவில்லை. வெப்சைட்டைத் திறந்தால் ஏதோ விளம்பரப் பக்கம். டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூயிஸ் தேடலில் பார்த்தேன்: எங்கள் டாட் ஆர்க் டொமைன், அதாவது வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் நாங்கள் பணம் கட்டிப் பதிந்திருந்த பெயர், காலாவதியாகி ஒன்பது நாள். நினைவூட்டல் மெயிலெல்லாம் அவர் எப்போதோ கைவிட்ட முகவரிக்குப் போயிருக்கிறது, டொமைன் பதிவு நிறுவனத்தில் இருந்த கணக்கும் அவர் பேரில்.

நல்லவேளை, ரிடெம்ப்ஷன் கட்டத்துக்கு, அதாவது பதிவு நீக்கப்பட்டு மீட்க மட்டும் கடைசி வாய்ப்பு இருக்கும் நிலைக்கு, போகவில்லை. போயிருந்தால் 30 நாளுக்குள் தனிக் கட்டணம் அழுதுதான் மீட்டிருக்க வேண்டும். அவரைப் பிடித்து அன்றே புதுப்பித்தோம்.

இரண்டு மாதம் பொறுத்தே (காலாவதியானதைப் புதுப்பித்த 45 நாளுக்குள் வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றினால், புதுப்பிக்கப் பணம் கட்டிய வருஷம் போய்விடலாம்) டொமைனை மாற்றவிடாமல் தடுக்கும் லாக்கை எடுத்து, மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு வாங்கி, வேறு நிறுவனத்தில் அறக்கட்டளை பேரில் திறந்த கணக்குக்கு மாற்றினோம். மெயில் எந்த சர்வருக்கு வரவேண்டும், எங்கள் பேரில் யார் அனுப்பலாம் என்று சொல்லும் எம்எக்ஸ், எஸ்பிஎஃப் ரெக்கார்டுகளை முன்பே நோட்டில் எழுதிவைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது, புது இடத்தில் இந்த ரெக்கார்டுகள் இருக்கவேண்டிய டிஎன்எஸ் பட்டியல் காலியாக இருந்தது.

வேலையை இப்போதும் அவரேதான் பார்க்கிறார். சாவி மட்டும் எங்களிடம். புதிய கணக்குக்குக் கொடுத்த மெயில் முகவரி ஜிமெயில், அதே டொமைனில் இருந்தால் டொமைன் போகும்போது அதுவும் சேர்ந்து போகும்.