தோடர் பூவேலையும் புள்ளிக் கோலமும்: ஒரே கணக்கு நோட்டுத் தாளில்

தொடக்கப் பள்ளியில் பல சமூகக் கலைகளைச் சேர்த்து ஓவிய வகுப்பு நடத்த சார்ட், வாட்டர் கலர் எதுவும் வாங்க வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டிலிருந்து ஆளுக்கு ஒரு தாள், ஒரு சிவப்பு, ஒரு கறுப்புக் கலர் பென்சில் போதும். தாளின் மேல் பாதியில் நீலகிரிப் பழங்குடியினரான தோடரின் பூவேலை, கீழ்ப் பாதியில் புள்ளிக் கோலம்.

தோடர் பெண்கள் துணியில் படம் வரைந்துகொண்டு தைப்பதில்லை. அவர்கள் போர்த்திக்கொள்ளும் புத்துக்குளி என்ற சால்வையின் வெள்ளைப் பருத்தித் துணியில் இழைகளை எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். 2013-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கட்டத்தை எண்ணி நிரப்பும் குழந்தைக்கு அந்த எண்ணும் முறை கையிலேயே பிடிபட்டுவிடும். கோலத்துக்கோ, கோடுகள் வெட்டும் இடமெல்லாம் புள்ளி. இடைவெளி பிசகவே பிசகாது. ஊட்டி பக்கம் ஜூன், ஜூலை மழையில் வாட்டர் கலர் லேசில் காயாது, பென்சிலுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. அப்புறம், இது யாருடைய கலை என்பதைக் குழந்தைகளே தாளின் ஓரத்தில் எழுதட்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான குறும்பரின் ஓவியத்துக்கு இந்த வழி சரிப்படாது. தேன் எடுப்பதையும் காட்டையும் கைப்போக்கில் வரையும் கலை அது. கட்டத்துக்குள் அடைத்தால் அதன் உயிரே போய்விடும். அதற்கு வெற்றுத் தாள்தான் கொடுக்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்னக் கட்டம் கண்ணைக் குழப்பும், பெரிய கட்ட நோட்டு வாங்குங்கள்.