வெளுத்துப்போன டாப் பாக்ஸைக் கறுப்பாக்குவது எப்படி

என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக் 2018இல் வாங்கியது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் நிழல் கிடையாது, வருஷம் முழுக்க வண்டி வெயிலில்தான் நிற்கும். டேங்க் பெயின்ட் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் கைக்கு முன்னால் இருக்கும் நக்கிள் கார்டு, மீட்டரைச் சுற்றியுள்ள கறுப்புக் கூடு, பின் மட்கார்டு எல்லாம் சாம்பல் பூத்துவிட்டன. எல்லாவற்றிலும் மோசம், சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் டாப் பாக்ஸின் மூடி. நாள் முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடப்பது அதுதானே.

போன மாதம் மூடியில் இருந்த ஒரு பழைய ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு செவ்வகம், வாங்கிய அன்று பார்த்த அதே கன்னங்கறுப்பு. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு தேய்த்தாற்போல் வெளுப்பு. விரலால் தேய்த்தால் பொடி ஒட்டுகிறது.

விஷயம் அந்தப் பொடியில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலை மட்டும் உடைத்துப் பொடியாக்கிவிடுகிறது. பொடிந்த பரப்பில் வெளிச்சம் சிதறுவதால் நமக்கு வெளுப்பாகத் தெரிகிறது. உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது. அதனால் தேங்காய் எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் எதையும் தடவாதீர்கள். எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்புவதால் உடனே கறுப்பாகத் தெரியும். இரண்டு நாளில் ரோட்டுப் புழுதி முழுக்க அதில் அப்பிக்கொள்ளும், ஒரு நல்ல மழையில் பழையபடி ஆகிவிடும். டீசலும் மண்ணெண்ணெயும் பக்கத்தில் இருக்கிற ரப்பரையும் ஊதவைத்துவிடும். வாட்டர் சர்வீஸில் அடித்துவிடும் பளபளப்பு சிலிக்கான் ஸ்பிரேயும் சில நாள் கூத்துதான். தவறி பிரேக் டிஸ்க்கிலோ டயரிலோ பட்டால் ஆபத்தும்கூட.

வேலையில் முக்கால் பங்கு கழுவுவதுதான். வண்டியை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக் கைக்குச் சூடில்லாமல் ஆறியபின் தொடங்குங்கள். அரை வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் சொரசொரப்புக்குள் இறங்கும்படி வட்டமாகத் தேயுங்கள். நுரை சாம்பல் நிறத்தில் வரும். அது வெள்ளையாகிற வரை விடாதீர்கள், எனக்கு மூன்று முறை ஆயிற்று. முன்பு பாலிஷ் போட்டபோது பட்டுக் காய்ந்த வெள்ளைத் தடங்கள் சோப்புக்குப் போகாது. அவற்றுக்குப் பென்சில் அழிக்கும் ரப்பர் போதும், அழுத்தித் தேய்த்தால் துகளோடு துகளாக உதிர்ந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒருமுறை துடைத்துவிடுங்கள். முன்கண்ணாடியில் மட்டும் அது படக் கூடாது.

பூச்சுக்குப் பணம் செலவழிக்குமுன் ஒரு சோதனை. சுத்தம் செய்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்தால், கறுப்பை மீட்டுத்தரும் ரெஸ்டோரர் பூச்சு வேலை செய்யும். நனைந்த பிறகும் திட்டுத்திட்டாக வெளுப்பு தெரிந்தால் மேல்தோல் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

ரெஸ்டோரர் வாங்கும்போது, வெறும் பளபளப்பு தருவதாகச் சொல்வதை விட்டுவிட்டு, காய்ந்து இறுகிப் படலமாகிற வகையைத் தேடுங்கள். பெயின்ட் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், கையுறை போடுங்கள். சின்ன ஸ்பான்ஜ் துண்டில் நாலைந்து சொட்டு போதும். மெல்லிசாக, ஒரே திசையில் இழுத்து, பாட்டிலில் சொன்ன நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் வரிவரியாகக் காய்ந்துவிடும். ஒரு கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நிற்கும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காட்டாதீர்கள்.

சரி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்? சூடு காட்டினால் மேல்தோல் லேசாக உருகிக் கறுப்பு திரும்பும், உண்மைதான். ஆனால் என் முந்தைய பாக்ஸை ஒரு கடையில் அப்படிச் செய்து கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. மூடியின் ஓரம் ஒரு நூல் அளவுக்கு வளைந்திருந்தது எனக்கு மூணாறு மழையில்தான் தெரிந்தது, மாற்றுத்துணி மொத்தமும் நனைந்துவிட்டது. இந்த வகைப் பாகங்கள் பலவும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக், உள்பக்கம் PP என்ற ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். அது ஏறக்குறைய 160 டிகிரியில் உருகும், ஹீட் கன்னோ 500 டிகிரிக்கு மேல் ஊதும். தண்ணீர் புகக் கூடாத எதிலும் அதைக் காட்டாதீர்கள். தடித்த நக்கிள் கார்டு என்றால் செய்யலாம், ஒரே இடத்தில் நிறுத்தாமல் கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீர்ச் சோதனையில் தேறாத பாகத்துக்கு பெயின்ட்தான். பிளாஸ்டிக்குக்கான பிரைமர் இல்லாமல் அடித்தால் பாலிபுரோப்பிலீனில் பெயின்ட் ஒட்டாது, முதல் பயணத்திலேயே செதில் செதிலாக உரியும்.

என் மூடியில் பூச்சு முடிந்தபோது அந்தச் செவ்வகத்தின் விளிம்பை விரலால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. புது ஸ்டிக்கர் ஒட்டும் எண்ணம் இருந்தால், அந்த அளவுக்கு டேப் ஒட்டி இடம் விட்டுப் பூசுங்கள். பூச்சின் மேல் ஸ்டிக்கர் பிடிக்காது.