அகாடமிக்குப் பயிற்றுநராகப் போக நினைக்கும் ராணுவ அதிகாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் படித்து வெளியே வந்து இருபது ஆண்டுகள் ஆன ஒருவரிடம் பேசிப் பாருங்கள். அவருக்கு மேலதிகாரியாக இருந்த பிரிகேடியர்களில் சிலரின் பெயர் மறந்திருக்கும். அகாடமியில் தன் பயிற்சிக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த பிளட்டூன் கமாண்டரின் பெயர் மறந்திருக்காது. அவர் எப்படி நடப்பார், எதற்குக் கோபப்படுவார், தான் காய்ச்சலில் படுத்திருந்தபோது எம்.ஐ. ரூமுக்கு, அதாவது மருத்துவ அறைக்கு, வந்து எட்டிப் பார்த்தாரா இல்லையா என்பது வரை நினைவில் இருக்கும்.

அந்தப் பிளட்டூன் கமாண்டர் பெரும்பாலும் ஒரு கேப்டன் அல்லது மேஜர். வயது முப்பதைச் சுற்றித்தான் இருக்கும். அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படும் இளம் அதிகாரிகள் நிறைய இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் போகும் வழியிலும் போய்ச் சேர்ந்த பிறகும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. இந்திய ராணுவத்தை மட்டும் வைத்து அவற்றை இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பயிற்றுநர் வேலை என்றே தெரியாமல் ஆசைப்படுவது

'இன்ஸ்ட்ரக்டர்' என்ற ஒரே சொல்லுக்குள் பல வேலைகள் இருக்கின்றன. டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியிலும் பரங்கிமலையிலும் பிளட்டூன் கமாண்டர், கம்பெனி கமாண்டர் என்று பொறுப்புகள். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமி முப்படைக்கும் பொது. அங்கே டிவிஷனல் ஆபீசர், ஸ்குவாட்ரன் கமாண்டர் என்பார்கள். தரைப்படை அதிகாரியின் கையில் கடற்படை, விமானப்படைக்குப் போகும் பிள்ளைகளும் இருப்பார்கள். இந்த மூன்று இடங்களிலும் நீங்கள் கையாளப்போவது இன்னும் அதிகாரி ஆகாத, பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் உள்ள கேடட்களை.

மாவ் நகரின் காலாட்படைப் பள்ளி, தேவ்லாலியின் பீரங்கிப் பள்ளி போன்றவை வேறு வகை. அங்கே வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே அதிகாரி. பாடத்தில் கரைகண்டவரைத்தான் அங்கே பயிற்றுநராக எடுப்பார்கள். நம் நீலகிரியில் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் டி.எஸ். (டைரக்டிங் ஸ்டாஃப்) என்ற பயிற்றுநராக இருப்பது இன்னும் மேலே. அந்தக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தேறி, படிப்பையும் முடித்தவர்களுக்கான இடம் அது.

தேசியப் பாதுகாப்பு அகாடமியில் கணிதம், இயற்பியல், வரலாறு சொல்லித் தரும் பேராசிரியர்கள் பெரும்பாலும் சிவிலியன்கள். யு.பி.எஸ்.சி. வழியாக, பல்கலைக்கழக ஆசிரியருக்கான கல்வித் தகுதியோடு வருகிறவர்கள். ராணுவக் கல்விப் படைப்பிரிவு அதிகாரிகளும் பாடம் நடத்துவது உண்டு. அந்தப் பிரிவில் சேரவே முதுகலைப் பட்டம் வேண்டும். ஆகவே காலாட்படை மேஜர் ஒருவர் தபாலில் எம்.ஏ. முடித்துவிட்டு, 'இனி என்னை அகாடமிக்குக் கூப்பிடுவார்கள்' என்று காத்திருந்தால் வீண். படிப்பு நல்லது, ஆனால் பிளட்டூன் கமாண்டர் பதவிக்கு அவரைத் தூக்கி நிறுத்துவது அது இல்லை.

கேட்டால் கிடைக்கும் என்று நினைப்பது

டெல்லியில் உள்ள ராணுவச் செயலர் கிளை, அதாவது எம்.எஸ். பிராஞ்ச், அதிகாரிகளின் போஸ்டிங்கை முடிவு செய்கிறது. விருப்பத்தைத் தெரிவிக்கலாம். ஆனால் அவர்கள் பார்ப்பது உங்கள் பணிக் கோப்பைத்தான். ஆண்டுதோறும் எழுதப்படும் ரகசிய அறிக்கைகள், கோர்ஸ்களில் வாங்கிய கிரேடிங், களப்பணி, உடல் தகுதி, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் ஆசைப்படத் தொடங்குவதற்கு வெகு முன்பே அந்தக் கோப்பு எழுதப்படத் தொடங்கிவிட்டது.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கமிஷன் ஆகி, அதாவது அதிகாரியாகப் பதவியேற்ற புதிதில், ஒவ்வொருவரும் 'ஒய்.ஓ.' எனப்படும் இளம் அதிகாரிகளுக்கான கோர்ஸுக்குப் போவார். காலாட்படை என்றால் மாவிலும் பெலகாவியிலும். அகாடமியின் இறுக்கம் இப்போதுதான் தளர்ந்திருக்கும், கையில் முதல் சம்பளம் இருக்கும், பேட்ச் நண்பர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். 'பாஸ் ஆனால் போதும்' என்ற மனநிலை தானாக வந்துவிடும். ஆனால் அந்தக் கோர்ஸின் முடிவில் ஒரு கிரேடிங் போடுவார்கள். பயிற்றுநராகத் தகுதியானவர் என்று பரிந்துரைக்கும் 'இன்ஸ்ட்ரக்டர் கிரேடிங்' என்று ஒன்று உண்டு. இருபத்திரண்டு வயதில் விட்டுவிட்ட அந்த வரியை முப்பது வயதில் நினைத்து வருந்துகிறவர்கள் ஏராளம். பிறகு வரும் கோர்ஸ்களில் ஈடுகட்டலாம். முடியாத காரியம் இல்லை. ஆனால் பாதை நீளும்.

ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுடைய சேவை 10 ஆண்டு, நீட்டித்தால் 14. கமிஷன் ஆகி 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர் என்று பதவி உயர்வு வந்தாலும், யூனிட்டில் அனுபவம் சேர்த்துவிட்டு அகாடமிக்குப் போய் வர நடுவில் கிடைக்கும் காலம் சில ஆண்டுகள்தான்.

தெரிந்தவரைப் பிடித்து சிபாரிசு வாங்கலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். போஸ்டிங்கிற்காக வெளியார் செல்வாக்கைக் கொண்டுவருவதை விதிகளே தடுக்கின்றன. மாமா எம்.எல்.ஏ. என்பதற்காக ஒரு கடிதம் போனால், அந்தக் கடிதமே கோப்பில் கறையாக உட்கார்ந்துவிடும். வீட்டில் உள்ள பெரியவர்கள் அன்பினால் இதைச் செய்வது உண்டு. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

யூனிட்டைத் தாண்டி ஓடுவது

அகாடமி என்றால் குடும்பத்தோடு இருக்கலாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், சியாச்சினும் எல்லைக்கோடும் இல்லை. சில ஆண்டுகள் மலையில் கிடந்தவர் இதை விரும்புவதில் தப்பே இல்லை. ஆனால் களப்பணியைத் தவிர்ப்பதற்காக அகாடமியைத் தேடுகிறவரைக் கேடட்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். மணல் மாதிரியில் பதுங்கித் தாக்குவதைப் பற்றி வகுப்பு எடுக்கும்போது, 'சார், நீங்கள் இரவில் ஆம்புஷ் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களா?' என்று ஒருவன் கேட்பான். அதற்கு நேர்மையான பதில் கையில் இருக்க வேண்டும்.

பதவி உயர்வுக் கணக்கும் இதில் உண்டு. லெப்டினன்ட் கர்னல் வரை காலம் கடந்தால் பதவி வரும். 13 ஆண்டு முடிந்தால் அது. கர்னல் பதவிக்கு மூன்றாம் எண் தேர்வுக் குழு உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும். அந்தக் குழு, நீங்கள் கம்பெனி போன்ற ஒரு சப்-யூனிட்டைத் தேவையான காலம் நடத்தி, அதற்கான அறிக்கை பெற்றிருக்கிறீர்களா என்று பார்க்கும். பயிற்றுநராக எவ்வளவு நல்ல பெயர் வாங்கினாலும் அந்த அறிக்கைக்கு அது மாற்று ஆகாது. எனவே எது முன், எது பின் என்று உங்கள் கமாண்டிங் ஆபீசரோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் வேலையை அருகிலிருந்து பார்ப்பவர் அவர்.

உடல் தகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவ வகையில் 'ஷேப்-1' ஆக, அதாவது முழுத் தகுதியோடு, இருங்கள். உடற்திறன் சோதனையில் வரும் ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றையும் கேடட்களுக்கு முன்னால் செய்து காட்டும் நிலையில் இருங்கள். மூட்டு வலியை மறைத்துக்கொண்டு போவது உங்களுக்கும் ஆபத்து, அகாடமிக்கும் இடைஞ்சல்.

போய்ச் சேர்ந்த பிறகு நடக்கும் பெரிய தவறு

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பயிற்றுநர்களில் பலர் தாங்கள் பயிற்சி பெற்ற விதத்தையே அப்படியே திருப்பிச் செய்கிறார்கள். 'எங்களுக்கு இப்படித்தான் ரகடா கொடுத்தார்கள், நாங்கள் ஆளாகவில்லையா?' என்று கேட்பார்கள். முன்னுருட்டல், தவளைக் குதி, வெயிலில் மூட்டையோடு ஓட்டம் என்று தண்டனைக்குப் பெயர்தான் ரகடா. அளவோடு, பயிற்றுநரின் கண் முன்னால், காரணத்தோடு செய்தால் அது உடலை வளர்க்கும். சீனியர் கேடட்கள் நள்ளிரவில் ஜூனியர்களைப் பிடித்துச் செய்ய விடும்போது அது கொடுமையாகிறது. பிளட்டூன் கமாண்டருக்குத் தெரியாமல் அது நடப்பதில்லை. தெரிந்தும் தெரியாதது போல அவர் இருந்தால்தான் நடக்கும்.

ஒரு பிள்ளைக்கு முதுகெலும்பு அடிபட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கமிஷன் ஆவதற்கு முன்பே மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படுபவர் முன்னாள் ராணுவத்தினர் என்ற நிலையைப் பெறுவதில்லை. அப்படிப் பயிற்சியில் ஊனமுற்று வெளியேறியவர்களின் நிலைமையை 2025-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. விபத்துகளை முழுவதும் தவிர்க்க முடியாது. ஆனால் ஒரு பயிற்றுநரின் முரட்டுப் பிடிவாதத்தால் நடப்பதைத் தவிர்க்க முடியும்.

வெயிலை எடுத்துக்கொள்வோம். பரங்கிமலையில் பயிற்சி 49 வாரம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் புது கேடட்கள் வருகிறார்கள். ஏப்ரலில் வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். உத்தராகண்டில் இருந்தோ மணிப்பூரில் இருந்தோ வந்த பெண், சென்னையின் அக்னி நட்சத்திரத்துக்குள் நேராக இறங்குகிறாள். புழுக்கத்துக்கு உடம்பு பழகக் குறைந்தது பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். முதல் வாரத்திலேயே அவளை மூட்டையோடு ஓட விட்டு, பின்தங்கினால் 'மன உறுதி இல்லை' என்று எழுதுவது அறியாமை. தலைசுற்றல், பேச்சுக் குழறல், ஓடும்போது நிலை தடுமாறுவது எல்லாம் வெப்பத்தாக்கின் அறிகுறிகள். கண்டவுடன் ஓட்டத்தை நிறுத்தி, உடம்பைக் குளிரவைக்க வேண்டும். 'இன்னும் ஒரு கிலோமீட்டர்தான்' என்று சொல்லும் நேரம் அது இல்லை.

மொழியும் அப்படித்தான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருந்து போகும் பையனுக்கு இந்தி வராது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் டிரில் மைதானத்தில் உஸ்தாத் (அதிகாரி நிலைக்குக் கீழே உள்ள பயிற்றுநர்) இந்தியில்தான் பேசுவார். கட்டளை புரிய அரை நொடி தாமதமாகும், திரும்புவது தவறும், திட்டு விழும். மந்தமானவன் என்று பெயர் வாங்கிவிடுவான். கவனமுள்ள பிளட்டூன் கமாண்டர் முதல் மாதத்திலேயே இதைப் பிரித்துப் பார்ப்பார். இந்தி தெரிந்த ஒருவனை அவனுக்குத் துணையாகப் போடுவார். நான்கு மாதத்தில் அதே பையன் அணிக்கு முன்னால் நின்று கட்டளை கொடுப்பான். இது தமிழருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. மிசோரமில் இருந்து வருகிறவனுக்கும் இதே பாடுதான்.

செய்து காட்டாமல் சொல்வது

உஸ்தாத்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எதையும் முதலில் 'நமூனா' காட்டுவார்கள். தானே செய்து காட்டி, பிறகு பகுதி பகுதியாகப் பிரித்து விளக்கி, அப்புறம்தான் கேடட்டைச் செய்ய வைப்பார்கள். அதிகாரியாக வரும் பயிற்றுநர்கள் சிலர் இதை விட்டுவிட்டு பவர்பாயின்டில் இறங்கிவிடுகிறார்கள். தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டிவிட்டு 'புரிந்ததா?' என்று கேட்டால் அறுபது குரல்கள் 'யெஸ் சார்' என்று சொல்லும். காலை நான்கு மணிக்கு எழுந்த பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கவும் தெரிந்தவர்கள். மூன்று விஷயம் சொல்லி, மூன்றையும் தரையில் செய்ய வைத்தால் போதும்.

உஸ்தாத்களையே கீழாக நடத்துவது இதைவிட மோசம். 'ஜே.சி.ஓ.' எனப்படும் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் வரிசையில் உள்ள, இருபது ஆண்டு அனுபவமுள்ள சுபேதாரை கேடட்களுக்கு முன்னால் அதட்டினால், 'ஜே.சி.ஓ.வை இப்படித்தான் நடத்த வேண்டும் போலிருக்கிறது' என்று நாற்பது வருங்கால அதிகாரிகள் கற்றுக்கொள்வார்கள். அதோடு தங்கள் யூனிட்களுக்குப் போவார்கள்.

டேராடூன் அகாடமியை 1932 டிசம்பர் 10-இல் தொடங்கி வைத்த ஃபீல்ட் மார்ஷல் செட்வுட் சொன்னது இன்றும் அங்கே சுவரில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில். நீ வழிநடத்தும் வீரர்களின் மானமும் நலனும் சுகமும் அடுத்து. உன் சொந்த வசதியும் பாதுகாப்பும் கடைசியில். ஒவ்வொரு கேடட்டும் இதை மனப்பாடமாகச் சொல்வான். களப்பயிற்சியில் மழை பெய்யும்போது பயிற்றுநர் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்தால், அந்த மனப்பாடத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்?

தன் ரெஜிமென்ட்டுக்கு ஆள் பிடிப்பது

நன்றாக ஓடுகிற, நன்றாகப் பேசுகிற கேடட்டைப் பார்த்தால், 'நம்ம ரெஜிமென்ட்டுக்கு வந்துவிடு' என்று இழுக்கத் தோன்றும். பாசம்தான். ஆனால் அவனுடைய மதிப்பீட்டை எழுதுகிற கையும் உங்களுடையது. வேறு பிரிவை விரும்பும் பிள்ளை அதைச் சொல்லப் பயப்படுவான். எல்லாப் பிரிவுகளைப் பற்றியும் ஒரே நிறையில் சொல்லுங்கள். அவன் கேட்டால் உங்கள் ரெஜிமென்ட்டின் கதையைச் சொல்லுங்கள். பரங்கிமலை டிரில் மைதானத்துக்கே அங்கே படித்த பரம வீர சக்ர விருதாளர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர்தான். அவருடைய கதை எந்த ரெஜிமென்ட்டுக்குப் போகிறவனுக்கும் வேண்டியது.

மதிப்பீடு எழுதும்போது இன்னொன்று. பருவம் முடியும் வாரத்தில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கடைசி மாதத்தில் நடந்தது மட்டும்தான் வரும். ஒரு சிறு நோட்டு வைத்து, கேடட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நடந்த அன்றே தேதியோடு இரண்டு வரி எழுதுங்கள். 'கிராஸ் கன்ட்ரியில் தன் நேரத்தை விட்டுக்கொடுத்து விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தான்' என்ற ஒரு வரி, 'தலைமைப் பண்பு உள்ளவன்' என்று எழுதும் பத்து வரிக்கு மேல். ஒரு கேடட்டை அடுத்த பருவத்துக்குப் பின்தள்ளும் ரெலிகேஷன் முடிவு வரும்போது இந்த நோட்டுதான் அவனுக்கு நியாயம் செய்யும். அவனைப் பெற்றவர்கள் வந்து கேட்டாலும் உங்களால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியும்.

பணிக்காலம் முடிந்து மாற்றல் வரும் நாளில் பெட்டி கட்டும் அவசரத்தில் அந்த நோட்டை மறந்துவிடாதீர்கள். உங்களுக்குப் பின் வருகிறவரோடு ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பேசுங்கள். யாருக்கு முழங்காலில் பழைய காயம், யாருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், யார் தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறான், யாரைக் கொஞ்சம் தனியாக விட்டால் தானே எழுந்து வருவான் என்பதை எல்லாம் அவருக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.