அக்னி நட்சத்திரத்தில் கெமிஸ்ட்ரி லேப்

காரைக்குடியில் ஒரு கல்லூரி லேபில் ஸ்டோர் என் பொறுப்பு. புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சித்திரை பிறக்கும் முன்பே இதையெல்லாம் சொல்லிவிடுவேன். செட்டிநாட்டு வீடு கட்டியவர்கள் முற்றம், உயர்ந்த கூரை, ஆத்தங்குடித் தரை என்று வெயிலுக்குப் பயந்து கட்டினார்கள். நமக்கு வாய்த்தது மொட்டை மாடிக்குக் கீழே ஒரு கான்கிரீட் அறை.

முதலில் ஈதர், சட்டென்று ஆவியாகித் தீப்பற்றும் கரைப்பான். அது கொதிப்பதே 34.6 டிகிரியில், மே மாத மதியத்தில் நம் அலமாரியே அதற்கு அடுப்புதான். பெரிய பாட்டில் வாங்காதீர்கள், சிறியதாக வாங்குங்கள். ஈதர் வேலையைக் காலையிலேயே முடியுங்கள். 'ஃப்ரிட்ஜில் வைத்தால் போச்சு' என்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பல்பு சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் தெறிக்கும் சின்னப் பொறி போதும், கதவே பறந்துவிடும். அதற்கென்றே பொறி படாத ஃப்ரிட்ஜ் இருக்கிறது. பாட்டிலைத் திறந்த அன்றே தேதியை எழுதி ஒட்டுங்கள். பழைய பாட்டிலின் மூடியோரம் வெள்ளைப் படிகம் தெரிந்தால் திருகவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். அது வெடிக்கும் பெராக்சைடாக இருக்கலாம். அறையைப் பூட்டிவிட்டு துறைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து லிக்கர் அம்மோனியா, அதாவது தண்ணீரில் கரைத்த அடர் அம்மோனியா. வெயிலில் பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். அரை மணி நேரம் ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். கண்ணாடி, கிளவுஸ் போட்டு, ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டு) வைத்து, மூடிமேல் ஈரத்துணி போட்டுக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். 'உஸ்' என்று சத்தம் வரும். அது அடங்கும் வரை கை அப்படியே இருக்கட்டும், முகம் ஒதுங்கியே இருக்கட்டும். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலின் மூடியில் காற்றுத் துளை இருக்கும். சிந்துகிறதே என்று அதில் டேப் ஒட்டிவிடாதீர்கள்.

இனி ஃபேன். வேர்வை தாங்காமல் எல்லோரும் போடுவது அதைத்தான். ஹூடு காற்றை மெதுவாகத்தான் உள்ளே இழுக்கும். தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் அதைக் கலைத்து ஆவியை உங்கள் மூக்குக்கே திருப்பிவிடும். நம்பாதவர்கள் ஹூடு கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு டிஷ்யூ பேப்பர் நாடாவை ஒட்டிப் பாருங்கள். ஃபேன் நிற்கும்போது நாடா உள்பக்கமாகச் சாய்ந்தே இருக்கும், போட்டதும் கூத்தாடும். அதனால் ஹூடு ஓடினால் ஃபேன் நிற்க வேண்டும். பாத்திரம் விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். வேர்த்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

மெல்லிய நைட்ரைல் கிளவுஸைப் பெரிதாக நம்ப வேண்டாம். டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பான் அதைச் சில நிமிடங்களில் கடந்து தோலுக்கு வந்துவிடும். துளி பட்டால் உடனே கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். வேர்த்துப் போன கிளவுஸை ஊதிக் காயவைத்து மறுபடி மாட்டுகிற சிக்கனம் நம் ஊரில் அதிகம், அதை விட்டுவிடுங்கள். சர்ஜிக்கல் மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

கடைசியாக, யாரும் யோசிக்காத ஒன்று: கண் கழுவும் குழாய். ஆசிட் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். தண்ணீர் 16 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மாடியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, மதியம் இரண்டு மணி என்றால் வெந்நீர்தான் வரும். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அதிகமாகக் காட்டினால் தொட்டிக்கு மேல் கீற்றுக் கொட்டகையும், வெயில் படும் குழாய்க்கு உறையும் போடச் சொல்லி அன்றைக்கே ஆபீசில் எழுதிக் கொடுங்கள்.